ஐம்பதும் உள்ளேதான்

ஏண்டி,

இன்றைக்குக் காலையில் ஏழாம் வகுப்புக்குள் கால் வைத்ததுமே உன் ஞாபகம் வந்து மூக்கில் அடித்தது. மூக்கில் என்று சும்மா சொல்லவில்லை. நாலைந்து நாளாக விடாத மழை. பிள்ளைகள் சேற்றுக் காலோடு வந்து தரையை நாசம் பண்ணுகிறார்கள் என்று பெருக்குகிற அம்மா வாசலில் பழைய உப்புச் சாக்கு ஒன்றை விரித்துப் போட்டிருந்தார். நனைந்த கோணி, அதில் வருஷக்கணக்காக ஊறின உப்பு, இரண்டும் சேர்ந்து கிளப்புகிற வாடை உனக்குத் தெரியாததா! மற்ற ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு உன் பாவாடை வாசம் அது.

பாடம் வேறு அசமன்பாடு. கரும்பலகையில் எண்கோடு போட்டு, 'மிகாமல்' என்றால் எந்தக் குறி என்று கேட்கத் திரும்பினவள் சாக்பீஸும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். முன் பெஞ்சில் ஒருத்தி, "இன்னா டீச்சர், மறந்துட்டீங்களா?" என்றாள். மறந்தால்தானே!

நீ போய், வருகிற தையோடு வருஷம் திரும்புகிறது. அதற்குள் உன் வீட்டில் ஒரு கூத்து நடந்திருக்கிறது. திண்டிவனத்தில் முதல் வருஷம் காலேஜ் படிக்கிற உன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். உடனே எழுந்து உட்காராதே. போன ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். அந்தச் சண்டையைச் சொல்வதற்கு முன்னால் நம்முடைய பழைய சண்டையைச் சொல்லியாக வேண்டும். அது இல்லையென்றால் எனக்கு இந்த வாயே வந்திருக்காது.

எட்டாம் வகுப்பில் கணக்கு சார் நடத்தின பாடமும் இதேதான். பெரிய எண் பக்கம் வாயைப் பிளக்கிற குறி, காலி வட்டம், ரொப்பின வட்டம். அந்த எண் விடையில் சேராது என்றால் வட்டத்தைக் காலியாக விடு, சேரும் என்றால் உள்ளே ரொப்பு. எழுதிப் போடுவார், நாமும் எழுதிக்கொள்வோம். நீ மட்டும் எழுத மாட்டாய். புத்தகத்தில் லிஃப்ட் கணக்கு ஒன்று வந்தது. லிஃப்ட் ஐநூறு கிலோ தாங்கும், ஒரு ஆள் அறுபது கிலோ, அதிகபட்சம் எத்தனை பேர் ஏறலாம். நீ எழுந்து நின்றாய்.

"சார், லிஃப்ட்ட நம்ம ஊர்ல யாரு பாத்தாங்க? படகுன்னு போடுங்க சார்."

அவரும் போனால் போகிறது என்று படகு ஆக்கினார். வகுத்துப் பார்த்தோம். எட்டேகாலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. கால் ஆள் ஏற முடியாது, அதனால் எட்டு என்றோம். சார் சந்தோஷமாகத் தலையாட்டினார். நீ உட்காரவில்லை.

"ஏழுதான் சார்."

"எப்டி ஏழு?"

"ஓட்றவன் எங்க உக்காருவான்? அவன் எடையில்லாத ஆளா சார்?"

வகுப்பே சிரித்தது. சாருக்கும் சிரிப்பு வந்து, அதை அடக்கி, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, வாய் ஜாஸ்தி உனக்கு" என்றார். அந்த 'வாய் ஜாஸ்தி'யை நீ மூன்று வயதிலிருந்து கேட்டு வருகிறாய். உட்காரும்போது என் காதில், "ஓட்றவன உட்டுட்டுப் போட்ற கணக்கு முழுகிடும்டி" என்றாய். இன்றைக்கும் எந்தக் கணக்கைப் பார்த்தாலும் அதில் யாரை விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

நம் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. ஒன்பதாவதுக்கு மரக்காணத்துக்கு பஸ் ஏற வேண்டும். பஸ் ஏறின பெண்கள் நம் தெருவில் யாரும் இல்லை. எட்டாவது முடிந்தால் அம்மாவோடு உப்பளம், பாத்தியில் இறங்கி உப்பு வாரு, கூடையில் சும, பிறகு எவனாவது வந்து கேட்டால் கழுத்தை நீட்டு. உன் அப்பா கெட்டவர் இல்லை, ஊர் போகிற வழியில் போகிறவர். நீ ஒன்பதாவது, ஒன்பதாவது என்று அவரை நச்சரித்த நச்சரிப்பில் ஒரு நாள், உப்பு அம்பாரத்தின் பக்கத்தில் பத்துப் பேர் நிற்கும்போது, வாயை விட்டுவிட்டார்.

"அதான் கபடி கபடின்னு குதிக்கிறியே, டிஸ்ட்ரிக்ட் மேட்ச்ல காலை வச்சுடு பாக்கலாம். ஒம்போதாவது என்ன, அதுக்கு மேலயும் அனுப்புறேன்."

நடக்காது என்ற தைரியத்தில் சொன்னது. அவருக்குத் தெரியாதது, கணக்கு சாரே நமக்கு விளையாட்டு சாரும். அந்த வருஷம் ஆள் சேராததால் பெருந்தன்மையாக நம் பள்ளிக்கூடத்தையும் அந்த மேட்சுக்குக் கூப்பிட்டு சாருக்குப் பேப்பர் அனுப்பியிருந்தார்கள். வந்த பேப்பரில் ஒரே ஒரு நிபந்தனை. ஆடுகிறவள் எடை ஐம்பது கிலோவுக்கு மிகாமல் இருக்க வேண்டும்.

மற்ற எல்லோரும் குச்சி. நீ மட்டும் திடம். பத்து வயதிலிருந்து லீவு நாளெல்லாம் உப்புக் கூடை சுமந்த தோளும் தொடையும் வேறு எப்படி இருக்கும்? "இது கறி இல்லடி, கூடை" என்று தோளைத் தட்டிக் காட்டுவாய். எடையைப் பார்க்க நம் ஊரில் இருந்த ஒரே இடம் உப்பளத்துப் பிளாட்பாரத் தராசு. லாரிக்கு மூட்டை ஏற்றும் முன்னால் நிறுப்பார்களே, அது. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு நீ ஏறி நின்றாய். முள் ஐம்பத்தொன்றுக்குப் பக்கத்தில் ஆடியது. அன்றையிலிருந்து நீ இட்லியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். வேகாத வெயிலில் கரையோரம் ஓடினாய். உன் அம்மா, "பொண்ணுக்குப் பேய் புடிச்சிருக்குது" என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனார். கடைசியில் முள் நாற்பத்தொன்பதில் வந்து நின்றது. தராசின் மேலேயே குதித்தாய். ஒரு கிலோ கையில் இருக்கிறது என்று நாம் இருவரும் அன்றைக்கு ராஜகுமாரிகள்.

பஸ் பெருமுக்கல் மலையைத் தாண்டும்போதுகூட நீ பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தாய். திண்டிவனத்தில் மைதானத்து ஓரமாக மேஜை, மேஜைக்குப் பக்கத்தில் எடை மெஷின். உன் முறை வந்தது. ஏறினாய். முள் சரியாக ஐம்பதில் நின்றது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ என்னைப் பார்த்தாய். பிறகு மெதுவாக, "கழிவுடி" என்றாய்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. உப்பு மூட்டை ஈரமாக வரும், சாக்கும் தண்ணீரைக் குடித்திருக்கும். அந்த ஈரத்துக்கும் சாக்குக்குமாகச் சேர்த்து ஒரு கிலோ கழித்துத்தான் முள்ளைப் பூஜ்யத்துக்குப் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அம்பாரத்தடியில் தவழ்ந்து வளர்ந்த பிள்ளைகள் நாம், கழிவு என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டே தூங்கினவர்கள். மூட்டைக்குக் கழிவு உண்டு என்று தெரியும். ஏறி நிற்கிற உனக்கும் சேர்த்து அந்தத் தராசு கழித்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வெளியூர்ப் பிள்ளை யாராவது இருந்திருந்தால் 'முள் ஏன் பூஜ்யத்தில் இல்லை' என்று முதலிலேயே கேட்டிருக்கும். நமக்கு அந்த முள் அங்கே இருப்பதுதான் சரி.

"அம்பது வந்துடுச்சு. அவுட்டு. அடுத்த ஆளு வா," என்றார் மேஜையில் இருந்தவர்.

"அம்பது வரைக்கும் இருக்கலாம்ல சார்?"

"அம்பதுக்குள்ள இருக்கணும்மா. நீ அம்பதத் தொட்டுட்ட. இறங்கு."

நீ இறங்கவில்லை. கணக்கு சார் ஓடி வந்தார். நமக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். "வாம்மா, பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார். அடுத்த வருஷமா! அடுத்த வருஷம் நீ பாத்தியில் இருப்பாய் என்பது அந்த மனுஷனுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார். எனக்கு இப்போது எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ இறங்கினாய். நேராகப் போய், களத்துக்குக் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புத் தூளை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாய். அவர் மேஜைக்கு முன்னால் மண்ணில் நீளமாக ஒரு கோடு. அதில் நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று. ஐம்பதின் மேல் ஒரு வட்டம். மிச்சம் இருந்த சுண்ணாம்பை முழுக்க அந்த வட்டத்துக்குள் கொட்டித் தேய்த்தாய்.

"சார், நீங்க சொல்றது காலி வட்டம். உங்க பேப்பர்ல இருக்குறது ரொப்பின வட்டம். மிகாமல்னு போட்டிருக்குது. அம்பது எப்டி சார் அம்பத மிகும்?"

"நான் இன்னா கணக்கு வாத்தியாரா? தள்ளும்மா அந்தாண்ட."

நீ களத்தைக் காட்டினாய். "சரி சார், கணக்கு வேணாம். அந்த ஓரக்கோட்ட மிதிச்சா அவுட்டா?"

"கோட்ட மிதிச்சா அவுட்டில்ல. கோடு ஆட்டத்துல சேர்த்தி. தாண்டுனாத்தான் அவுட்டு." யோசிக்காமல் சொல்லிவிட்டார் பாவம்.

"நான் கோட்டு மேலதான சார் நிக்கிறேன்?"

சுற்றி நின்ற பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தினார்கள். கழுத்தில் விசில் மாட்டியிருந்த ஒரு அம்மா, ரெஃப்ரி, சத்தம் கேட்டு வந்தார். மண்ணில் இருந்ததைப் பார்த்தார். மேஜையில் இருந்த பேப்பரை எடுத்து நிபந்தனையை வாய்விட்டுப் படித்தார். "பொண்ணு சொல்றது சரிதானே சார்? மிகாமல்னா அம்பதும் உள்ளதான். பேரை எழுதிக்குங்க," என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா யார், எந்த ஊர் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை நமக்கு.

பஸ்ஸில் திரும்பும்போது நான் கேட்டேன், இன்னும் கால் கிலோ கூட இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று. "அவுட்டுதான், வூட்டுக்கு வந்திருப்பேன். நம்முதுன்னா மட்டும் தாண்டலாமா?" என்றாய். ஆட்டத்தில் தோற்றிருந்தோம், படுதோல்வி. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை.

தோற்ற செய்தி நமக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது. உன் அப்பா அம்பாரத்தடியில் அதே பத்துப் பேரோடு உட்கார்ந்திருந்தார். "தோத்துட்டு வந்துட்டியே, இனிமே கூடையத் தூக்கு," என்றார். நீ இடுப்பில் கை வைத்தாய்.

"ஜெயிச்சா அனுப்புறேன்னு சொன்னியா? காலை வச்சா அனுப்புறேன்னு சொன்னியா?"

அவர் சுற்றிப் பார்த்தார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "வச்சான்னுதான்யா சொன்ன, நாங்க கேட்டோமில்ல," என்று கிழவர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். சொன்ன சொல்லைத் தின்கிறவன் என்ற பேர் உன் அப்பாவுக்கு ஆகாது. "போய்த் தொல," என்று எழுந்து போனார். அந்தத் தொலைதலில்தான் நீ ஒன்பதாவது போனாய். நீ போனதால் உனக்குத் துணைக்கென்று என்னையும் அனுப்பினார்கள். நான் டீச்சர் ஆனதும் அப்படித்தான். இதை நீ இருக்கும்போது உன் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை, சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும்.

நீ ப்ளஸ் டூ முடித்து ரேஷன் கடையில் எடை போடப் போனாய். "இதுக்கா அவ்ளோ படிச்ச?" என்று கேட்டவர்கள் எல்லோரும் உன்னிடம்தான் அரிசி வாங்கினார்கள். ஒவ்வொருவரிடமும், "மெஷின்ல பூஜ்யம் இருக்குதா, பாத்துக்கோங்க" என்று காட்டிவிட்டுத்தான் அள்ளுவாய். சாயங்காலம் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கபடி. இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீ ரைடு போனதை ஊர் பேசியது. பிறகு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வருவாய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நீ வரவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் மகள் போன் பண்ணினாள். "அத்தை, வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்களாம். மாப்ளைக்கு பொம்மையார்பாளையம். நான் பரீட்சைக்குப் படிக்கிறதா, புடவை கட்றதா?" அழவில்லை, கத்தினாள். உன் பிள்ளைதானே.

நான் போனபோது உன் வீட்டுக்காரரும் உன் மூத்தாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பேசினது எல்லாம் அவருடைய அண்ணன்தான்.

"வாங்க டீச்சர். நல்ல இடம். சொந்தமா கடை வச்சிருக்கான். வீட்ல சாவு விழுந்தா வருஷம் திரும்புறதுக்குள்ள நல்லது பண்ணிடணும். உட்டா மூணு வருஷம் தள்ளிப் போயிடும்."

"போவட்டுமே. மூணு வருஷத்துல டிகிரியே முடிச்சிடுவா."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பதினெட்டு ஆயிடுச்சு டீச்சர். நாங்க ஒண்ணும் சின்னப் புள்ளைக்குப் பண்ணல. சட்டமே பதினெட்டுன்னுதான சொல்லுது?"

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. உன் கணக்குதான், அப்படியே தலைகீழாக. உனக்கு அன்றைக்கு ஓரத்துப் புள்ளியைக் கொடுக்க மாட்டேன் என்றார்கள். உன் மகளுக்கு இன்றைக்கு ஓரத்துப் புள்ளியை மட்டும்தான் கொடுப்பேன் என்கிறார்கள்.

"குறைஞ்சது பதினெட்டுன்னுதாங்க சட்டம் சொல்லுது. பதினெட்டுல பண்ணியே ஆவணும்னு எங்க சொல்லுது? பத்தொம்பதும் சரி, இருபத்தஞ்சும் சரி, முப்பதும் சரி. அவ பண்ணிக்கவே மாட்டேன்னு சொன்னாலும் சட்டம் ஏன்னு கேக்காது."

"கல்யாணம் பண்ணாம வச்சிக்கச் சொல்றியா நீ?" மரியாதை போய்விட்டது. "அவளும் இப்படித்தான். எல்லாத்துலயும் அளவு மீறினவ. நீயும் அவ கூட சுத்தினவதான?"

நான் எழுந்துவிட்டேன். உட்கார்ந்தபடி கேட்டுக்கொள்கிற பேச்சா இது?

"அவ ஒரு நாளும் அளவு மீறினதில்ல. கடைசி அளவு வரைக்கும் போனா, அவ்ளோதான். அதுக்கு முன்னாடியே நிக்கச் சொன்னது நீங்கல்லாம். அவ செத்துப் போனதுக்குத் தண்டனை அவ பொண்ணுக்கா?"

உன் மகள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் பேனா, தலை வாரவில்லை. கதவு நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"பெரிப்பா, கல்யாணமே வேணாம்னு நான் சொல்லல. இப்ப வேணாம். எப்பன்னு நான் சொல்றேன்."

உன் வீட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த நிலையில் அதே மாதிரி கையை ஊன்றிக்கொண்டு அவரிடம் எத்தனை தரம் சண்டை போட்டிருப்பாய்! கடைசியில் அவர், "அண்ணே, வெள்ளிக்கிழமை வர வேணாம்னு நானே போன் பண்ணி சொல்லிட்றேன். புள்ள படிக்கட்டும்," என்றார். சன்னமான குரல்தான். ஆனால் சொல்லிவிட்டார். உன் மூத்தார், முன்னால் வைத்த காப்பியைத் தொடாமல், "எப்டியோ போங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஜெயித்துவிட்டோம் என்று நான் சொல்ல வரவில்லை. தைக்கு முன்னால் இன்னொரு மாப்பிள்ளையோடு வருவார். தை முடிந்தால் வேறு காரணத்தோடு வருவார். வரட்டும். நீ இல்லாத வீட்டில் உன் இடத்தில் யார் பேசுவது என்று ஊர் என்னைக் கேட்கிறது. நான் யாரையும் கேட்கவில்லை, பேசிக்கொண்டிருக்கிறேன். பொறுமையாக, நாசூக்காகப் பேசச் சொல்லி என்னிடம் சொல்லாதே. அதை நான் உன்னிடம் கற்றுக்கொள்ளவில்லை.

உனக்கு நீயே புள்ளியை ரொப்பிக்கொண்டாய். உன் மகளுடையது பதினெட்டில் ஆரம்பித்து வலது பக்கமாகப் போகிற கோடு. அதன் நுனியில், இன்னும் போகும் என்று காட்டுகிற அம்புக்குறிதான் வரும். அங்கே இன்னொரு புள்ளி வைக்க எவன் வந்தாலும், அவன் முதலில் என்னைத் தாண்டட்டும்.